காணிக் கணக்கும் தலைக் கணக்கும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மதிப்பீட்டு முறைகள்

ஒரு மாவட்டத்தின் நெல் உற்பத்தி, கடலை விளைச்சல், பிறப்பு விகிதம், சாகுபடிச் செலவு என்று அறிக்கைகளில் அச்சாகும் எண்களில் பெரும்பாலானவை யாராலும் முழுமையாக எண்ணப்பட்டவை அல்ல. சில வயல்களை அறுத்து, சில வீடுகளில் கேட்டு, அதிலிருந்து முழு மாவட்டத்துக்கும் கணக்கிட்டுச் சொல்லப்படுபவை. இவற்றுக்கு மதிப்பீடு என்று பெயர். மதிப்பீடு என்பதாலேயே ஒரு எண் மட்டமானதாகிவிடாது. ஒழுங்காக எடுக்கப்பட்ட மாதிரி, அவசரமாக எடுக்கப்பட்ட முழுக் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த எண் எத்தனை கைகளைத் தாண்டி வந்தது, அதில் எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும். வேளாண் பொருளியலும் மக்கள்தொகை ஆய்வும் இந்த ஓர் இடத்தில் ஒரே கேள்வியைச் சந்திக்கின்றன.

இந்தக் கேள்வியைப் படிக்க விழுப்புரம், திண்டிவனம் பகுதி பொருத்தமான களம். ஏரிப் பாசன நெல், மானாவாரிக் கடலை, ஆலைக் கரும்பு, கடலோரச் சவுக்கு எல்லாம் ஒரே மாவட்டத்தில் விளைகின்றன. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியக் கிராமப் பொருளியல் ஆய்வில் மிக நீண்ட தொடர் வரலாறு கொண்ட ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டும் இங்கேதான் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் 1916இல் ஆராய்ந்த ஊர்களில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. முடிவுகள் 1918இல் நூலாக வந்தன. 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு நடந்தது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல், 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அதே ஊருக்குத் திரும்பி வந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் ஐந்து முறை ஒரே ஊரைப் பார்த்த ஆய்வுத் தொடர் உலகிலேயே அரிது.

ஆனாலும் இந்த ஊர் குலுக்கலில் விழுந்த ஊர் அல்ல. மாணவர்களுக்குத் தெரிந்த ஊர்கள், போய்த் தங்க வசதியான ஊர்கள் என்ற அடிப்படையிலேயே ஸ்லேட்டரின் கிராமங்கள் அமைந்தன. ஒரே பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கையில் பெரும்பங்கு நிலம் இருந்த இருவேல்பட்டை வைத்து, சிறு விவசாயிகள் நிறைந்த பக்கத்து ஊரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அங்கே கிடைக்கும் சராசரியை மாவட்டச் சராசரியாக எடுத்துக்கொள்வது தவறு. அந்தத் தொடரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றம் எந்த வழியில் நடந்தது, படியாள் முறை எப்படித் தேய்ந்தது, நிலம் எப்படிக் கைமாறியது, வயலுக்கு வெளியே வேலை எப்படிப் பெருகியது என்பதை அது காட்டும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. மறு ஆய்வுக்கு வருபவர் ஊரில் இருப்பவர்களைத்தான் பார்க்கிறார். முதல் ஆய்வில் இருந்த குடும்பங்களின் வாரிசுகளில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் அவர் கணக்கில் வருவதில்லை. ஊர் முன்னேறியதா, முன்னேறியவர்கள் ஊரை விட்டுப் போனார்களா என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க, போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

எந்த முறையானாலும் முதல் பிழை அளவையில்தான் நுழைகிறது. விழுப்புரம் பக்கம் நிலத்தைக் காணியில் சொல்வது இன்றும் வழக்கம். ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர், அதாவது 132 சென்ட். விளைச்சலை மூட்டையில் சொல்வார்கள். மூட்டையின் எடையோ பயிருக்கும் ஊருக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் தக்கபடி மாறும். "காணிக்கு முப்பது மூட்டை கண்டது" என்று ஒரு விவசாயி சொல்வதாக வைத்துக்கொள்வோம். மூட்டை 75 கிலோ என்றால் 2,250 கிலோ. காணியை எக்டேராக மாற்றினால் எக்டேருக்குச் சுமார் 4,210 கிலோ. வெளியூரிலிருந்து வந்த கணக்கெடுப்பாளர் காணியை ஏக்கர் என்று எழுதிவிட்டால் அதே விளைச்சல் 5,560 கிலோ ஆகிவிடும். மூட்டையை 80 கிலோ என்று கொண்டால் இன்னும் ஏறும். மாதிரியின் அளவைப் பத்து மடங்கு பெருக்கினாலும் இந்தப் பிழை குறையாது. பெரிய மாதிரி தற்செயல் பிழையைத்தான் குறைக்கும். ஒரே திசையில் இழுக்கும் பிழையை அது தொடுவதில்லை.

உற்பத்தி என்பது பரப்பும் சராசரி விளைச்சலும் சேர்ந்த பெருக்குத்தொகை. ரயத்துவாரி முறை நிலவிய தமிழ்நாட்டில் பரப்புக் கணக்குக்கு நல்ல அடித்தளம் உண்டு. ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு எண் இடப்பட்டிருக்கிறது. ஜூலை முதல் ஜூன் வரையான பசலி ஆண்டில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது அடங்கல் என்ற கிராம ஏட்டில் ஏறுகிறது. பரம்பரைக் கர்ணம் முறை 1980இல் ஒழிக்கப்பட்ட பின் இது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. ஏட்டின் வடிவம் சிறப்பானது. பதிவு வயலில் நின்று எழுதப்பட்டதா என்பதுதான் கேள்வி. சான்றிதழ், பட்டா, நிவாரணம், தேர்தல் என்று ஒரே அலுவலர் மீது எல்லாம் குவியும்போது, சென்ற பசலியின் பயிரே இந்தப் பசலியிலும் தொடர்வது நடக்கக் கூடியதே. கடலைக் கொல்லை சவுக்குத் தோப்பாகவோ வீட்டு மனையாகவோ மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் ஏட்டில் கடலை விளைந்துகொண்டிருந்தால், பரப்பு ஊதிப்போகும். இதைச் சரிபார்க்கத்தான், ஐந்தில் ஒரு பங்கு கிராமங்களைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து அவற்றை முன்கூட்டியே புலம் புலமாகப் பார்க்கும் திட்டம் வந்தது. செயற்கைக்கோள் படமும் கைபேசிச் செயலியும் இன்று உதவுகின்றன. ஆனால் ஊடுபயிரையும் ஒரே உட்பிரிவில் நிற்கும் இரண்டு பயிரையும் பிரித்தறிய இன்னும் வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது.

விளைச்சல் கணக்கின் கதை இன்னும் நீண்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆனாவாரி முறை இருந்தது. சராசரி மகசூல் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு அதில் எத்தனை அணா என்று அதிகாரி கண்ணால் பார்த்துச் சொல்வார். சில மாகாணங்களில் முழு விளைச்சல் 16 அணா, சிலவற்றில் 12 அணா. அளவுகோலே ஊருக்கு ஊர் மாறிய முறை அது. 1920களில் பீகார், ஒரிசா மாகாணத்தில் ஜே. ஏ. ஹப்பாக் சமவாய்ப்பு முறையில் சிறு சிறு துண்டுகளை அறுத்து எடைபோட்டுப் பார்த்தார். 1930களின் பிற்பகுதியில் பி. சி. மகலனோபிஸ் வங்காளச் சணல் பயிரில் இதைப் பெரிய அளவுக்கு வளர்த்தார். 1940களில் பி. வி. சுகாத்மே வேறொரு குறையைச் சுட்டினார். அறுக்கும் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது; எல்லைக் கோட்டில் நிற்கும் பயிர்களை அறுப்பவர் தம்மையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்வதே காரணம். துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்போடு ஒப்பிடும்போது எல்லையின் நீளம் கூடுகிறது, பிழையும் கூடுகிறது. பெரிய துண்டு நடைமுறைக்கு வந்ததில் இந்த வாதத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்று நெல்லுக்கும் கடலைக்கும் அறுக்கப்படுவது 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். கிராமம் சமவாய்ப்பு எண்ணால் தேர்வாகிறது; அதற்குள் புல எண்ணும் அப்படியே. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டரைக் கழித்து, மீதிக்குள் ஒரு சமவாய்ப்பு எண் சோடியை எடுக்கிறார்கள். அத்தனை மீட்டர் நடந்து முதல் முளையை அடிக்கிறார்கள். நான்கு முளையும் அடித்துக் கயிறு கட்டிய பின் மூலைவிட்டத்தை அளந்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் சதுரம் கோணிவிட்டது என்று பொருள். கயிற்றின் மேல் நிற்கும் குத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் அது உள்ளே. அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும். சதுரம் 25 சதுர மீட்டர், எக்டேரில் 400இல் ஒரு பங்கு. ஆகவே 12 கிலோ வந்தால் எக்டேருக்கு 4,800 கிலோ. தராசில் 100 கிராம் தவறினால் எக்டேரில் 40 கிலோ தவறும். ஈரத்தோடு நிறுத்த நெல்லையும் பிடுங்கிய கடலையையும் காயவைத்து மறுபடி நிறுத்து, உலர்வு எடையைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இந்த முறையின் பலம், முளை எங்கே விழும் என்பதை மனிதர் முடிவு செய்யாததில் இருக்கிறது. வரப்போரம் பயிர் நலிந்திருக்கிறது, நடுவில் போடலாமே என்ற யோசனை விவசாயியிடமிருந்தும் வரும், ஊழியரிடமிருந்தும் வரும். அதற்கு ஒருமுறை இணங்கினாலும் பிறகு செய்யும் கணிதம் எதுவும் பயன்படாது.

எத்தனை கிராமம், கிராமத்துக்கு எத்தனை வயல் என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டுக்காக, கிராமத்துக்குக் கிராமம் விளைச்சலின் திட்ட விலக்கம் 800 கிலோ, ஒரே கிராமத்தில் வயலுக்கு வயல் 900 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 60 துண்டுகள் அறுக்கத்தான் ஆள் இருக்கிறது. 15 கிராமத்தில் நான்கு நான்காக அறுத்தால் சராசரியின் திட்டப் பிழை சுமார் 237 கிலோ. அதே 60 துண்டுகளை 30 கிராமத்தில் இரண்டிரண்டாகப் பரப்பினால் 187 கிலோ. வேலை ஒன்றுதான், பரப்பிச் செய்தால் பலன் கூடுதல். பேருந்துச் செலவையும் நேரத்தையும் பார்த்து ஒரே ஊரில் நான்கையும் முடித்துவிடும் போக்குக்கு இதுவே பதில்.

மாவட்டச் சராசரிக்காகப் பிறந்த இந்தக் கருவி, இப்போது கிராம அளவில் பணம் தீர்மானிக்கும் கருவியாகிவிட்டது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. முக்கியப் பயிர்களுக்குக் கிராமமே காப்பீட்டு அலகு; அலகுக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை ஈட்டுறுதி விகிதத்தால் பெருக்கி ஒரு வரம்பு விளைச்சல் நிர்ணயிக்கப்படுகிறது. நடப்பு விளைச்சல் அதற்குக் கீழே போனால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு. மேலே சொன்ன எண்ணிலேயே வயலுக்கு வயல் திட்ட விலக்கம் 900 கிலோ என்றால், நான்கு துண்டுகளின் சராசரிக்குத் திட்டப் பிழை 450 கிலோ. வரம்பு 4,000 கிலோ, ஊரின் உண்மையான விளைச்சல் 3,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், நான்கு துண்டுகளின் சராசரி 4,000ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இப்படி உண்மையில் நட்டப்பட்ட ஊர்களில் மூன்றில் ஒன்றுக்கு ஒரு ரூபாயும் வராது. 4,200 கிலோ விளைந்த ஊர்களில் மூன்றில் ஒன்றுக்கு இழப்பீடு கிடைக்கும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தவறாக அளக்கவில்லை. மாதிரி சிறியது, அவ்வளவுதான். பக்கத்து ஊருக்கு வந்தது, நமக்கு ஏன் வரவில்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் நிற்கும் விவசாயியின் கேள்விக்கு நேர்மையான விடை இதில் இருக்கிறது. அந்த விடையை யாரும் அவருக்குச் சொல்வதில்லை என்பது பெரும் குறை.

பேரிடர்க் காலத்தில் மதிப்பீடு இன்னும் அவசரமானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. பேரிடர் நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நீரில் மூழ்கிய வயலில் 30 சதவீதச் சேதத்தையும் 36 சதவீதச் சேதத்தையும் கண்ணால் பிரித்தறிய எவராலும் இயலாது. எனவே அந்த ஒரு கோட்டில்தான் எல்லாப் பூசலும் மூள்கிறது. படிப்படியாக உயரும் நிவாரண அளவு இருந்தால் ஒரு கோட்டின் மேல் இத்தனை சுமை ஏறாது.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் நடப்பது வேறு வகைப் புள்ளியியல். இவ்வட்டாரத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையில் 1940இல் வந்த டிஎம்வி 2, 1967இல் வந்த டிஎம்வி 7 ஆகிய இரகங்கள் தமிழகம் முழுதும் பரவின. அப்பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இரக ஒப்பீட்டில் ஆர். ஏ. ஃபிஷர் வகுத்த மூன்று விதிகள் செயல்படுகின்றன: ஒவ்வொரு இரகத்தையும் பலமுறை விதைப்பது, எந்தப் பாத்தியில் எது என்பதைச் சமவாய்ப்புக்கு விடுவது, மண் ஒத்த பாத்திகளைத் தொகுதியாக்கி அதற்குள்ளேயே ஒப்பிடுவது. இதனால் இரண்டு இரகங்களுக்கு இடையிலான வேறுபாடு துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் நிலையத்தின் விளைச்சலை விவசாயி நிலத்தின் விளைச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலையத்தில் வேலி உண்டு, நேரத்துக்குத் தண்ணீர் உண்டு, களை எடுக்க ஆள் உண்டு.

பொருளியலில் இன்னொரு கேள்வி: விலை ஏறினால் பரப்பு எவ்வளவு ஏறும்? மார்க் நெர்லோவ் 1958இல் வகுத்த மாதிரி, இந்த ஆண்டுப் பரப்பைச் சென்ற ஆண்டு விலையோடும் சென்ற ஆண்டுப் பரப்போடும் இணைக்கிறது. இந்தியப் பயிர்களில் விலையின் தாக்கத்தை ஆராய்ந்த தர்ம் நாராயணின் நூல் 1965இல் வந்தது. நிலக்கடலையும் அதில் இடம்பெற்றது. மானாவாரிக் கடலையில் மழையைச் சேர்க்காமல் இந்தக் கணக்கைப் போட்டால் வரும் எண் பொய் சொல்லும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் விளைச்சல் கூடி விலை இறங்குகிறது. ஏரியிலும் கிணற்றிலும் மிச்சமிருக்கும் நீர் அடுத்த பட்டத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் போகிறது. கடலைப் பரப்பு குறைகிறது. அது விலையால் குறைந்ததா, தண்ணீரால் குறைந்ததா? இரண்டையும் சமன்பாட்டில் வைத்தால்தான் பிரியும். ஆள் கூலி, விதைக் கடலையின் விலை, பன்றித் தொல்லை போன்றவை ஏட்டில் இல்லாததால் சமன்பாட்டிலும் வருவதில்லை; ஆனால் கடலையைக் கைவிட்ட விவசாயிகள் முதலில் சொல்வது அவற்றைத்தான்.

குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அடிப்படையான சாகுபடிச் செலவுக் கணக்கும் மாதிரியில்தான் நிற்கிறது. 1970-71இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் ஒரு கிராமத் தொகுதியில் ஐந்து நில அளவு வகுப்புகளிலிருந்து இரண்டிரண்டு என்று பத்துப் பண்ணைகள் தேர்வாகின்றன. குடும்ப உழைப்புக்கு என்ன கூலி வைப்பது, சொந்த நிலத்துக்கு எவ்வளவு வாடகை வைப்பது என்பதைப் பொறுத்து ஒரே பண்ணை இலாபமாகவும் நட்டமாகவும் தெரியும். ஆகவே இங்கே சூத்திரத்தைவிட வரையறையே முடிவைத் தீர்மானிக்கிறது.

மக்கள்தொகைக்கு வந்தால், முதல் சிக்கல் எல்லை. தென்னார்க்காடு 1993 செப்டம்பரில் விழுப்புரம், கடலூர் என்று பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தில் 34,58,873 பேர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின், அதே 2011 கணக்கின்படி மிச்ச விழுப்புரத்தில் சுமார் 21 லட்சம் பேர்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தாலும் 2017 மார்ச் எல்லைகளைப் பின்பற்றியது; அதில் விழுப்புரம் என்பது கள்ளக்குறிச்சியும் சேர்ந்தது. இதைக் கவனியாமல் ஒரே பெயர் என்பதற்காக எண்களை அடுத்தடுத்து வைத்தால், இல்லாத வீழ்ச்சியும் இல்லாத வளர்ச்சியும் தெரியும். கிராம அளவிலிருந்து மறுபடி கூட்டி வருவதே ஒரே வழி.

தலைகளை எண்ணும்போதும் விடுபாடு உண்டு. 2011இல் பின்சரிபார்ப்பு ஆய்வு, நாடு முழுவதற்குமான நிகர விடுபாடு ஆயிரத்துக்கு 23 என்று கண்டது. வயதும் அப்படித்தான். களை எடுக்கும் மூதாட்டியிடம் வயது கேட்டால் "ஒரு அறுபது இருக்கும் சாமி" என்பார். 0, 5 என்று முடியும் வயதுகளில் கூட்டம் சேர்வதை விப்பிள் குறியீடு அளக்கும். குவிப்பே இல்லாவிட்டால் 100, எல்லோரும் அப்படியே சொன்னால் 500. நல்ல களப்பணியாளர், எம்.ஜி.ஆர். இறந்தபோது மூத்த பிள்ளை பள்ளிக்குப் போனானா, சுனாமி வந்தபோது பேரன் பிறந்திருந்தானா என்று நிகழ்ச்சிகளை வைத்து வயதை நெருங்குவார்.

பிறப்புப் பதிவில் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சட்டப்படி பிறப்பு, நிகழ்ந்த இடத்தில் பதிவாகிறது. திண்டிவனம், வானூர், விழுப்புரம் பகுதித் தாய்மார்களில் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரியின் ஜிப்மருக்கும் பிற மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். குழந்தை புதுச்சேரியின் ஏட்டில் ஏறுகிறது. புதுச்சேரியின் பதிவு சார்ந்த பிறப்பு விகிதம் நம்ப முடியாத அளவு உயர்ந்தும், சுற்றுவட்டார மாவட்டங்களின் விகிதம் தாழ்ந்தும் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் இதையே செய்கிறது. தாயின் வழக்கமான வசிப்பிடத்தின்படி மறுபடி அடுக்காமல் பதிவேட்டு விகிதங்களைப் பயன்படுத்தக் கூடாது.

ஏட்டில் விட்டுப்போனவற்றை மதிப்பிட, சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் தந்த முறை உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு பகுதியின் பதிவேட்டையும் தனியாக வீடுவீடாக எடுத்த பட்டியலையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் இருப்பவை 75, ஏட்டில் மட்டும் 15, வீட்டுப் பட்டியலில் மட்டும் 10 என்றால், இரண்டிலும் விட்டுப்போனவை 15ஐ 10ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் கிடைக்கும் 2. மொத்தம் 102. பிறப்பு, இறப்பு விகிதங்களை மதிப்பிடும் மாதிரிப் பதிவுத் திட்டம் இரண்டு தனித்தனிப் பட்டியல்களைப் பொருத்திப் பார்ப்பது இதே எண்ணத்தில்தான். நிபந்தனை ஒன்று: இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் பிறப்புப் பதிவோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பட்டியலும் பிறப்பு ஏடும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. இவை இரண்டையும் பொருத்தினால் எல்லாம் பிசகின்றிப் பொருந்தும். ஆனால் பிக்மியில் ஏறாத புலம்பெயர் செங்கல்சூளைத் தொழிலாளியின் குழந்தை இரண்டிலும் இல்லாமல் போகும்.

சிறு பகுதி மதிப்பீடுதான் இன்று மிகத் தேவைப்படுவதும் மிகத் தவறாகக் கையாளப்படுவதும். குடும்பநல ஆய்வில் மாவட்டத்துக்குச் சுமார் 900 வீடுகள். ஐந்தாண்டுப் பிறப்புகள் 300 என்று கொண்டால், அதிலிருந்து பிறப்பு நிலைப் பாலின விகிதம் 950 என்று வந்தாலும் உண்மை ஏறத்தாழ 760க்கும் 1,190க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இதை வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்தித் தலைப்புச் செய்தி போடுவது பொறுப்பற்ற செயல். மாநில அளவிலேயே, 2019-21 குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறு விகிதத்தை 1.8 என்கிறது, 2020க்கான மாதிரிப் பதிவுத் திட்டம் 1.4 என்கிறது. ஒரே மக்களைப் பற்றிய இரண்டு எண்கள் இவை. காலவரையறையும் முறையும் வேறு என்பது விளக்கத்தின் ஒரு பகுதி; தொகுதிகளையும் பள்ளிகளையும் திட்டமிடுபவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் பழைய தென்னார்க்காடு முதல் இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி வரை ஒவ்வொரு கிராமமும் எந்த ஆண்டில் எந்த வட்டத்தில் இருந்தது என்ற பட்டியலைத் தயாரித்துப் பொதுவில் வைக்க வேண்டும். காப்பீட்டுக் கிராமம் ஒவ்வொன்றிலும் அறுத்த துண்டுகளின் எண்ணிக்கையையும் தனித்தனி எடையையும் திட்டப் பிழையையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். தன் வயலை அளந்து எழுதிய எண்ணைப் பார்க்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. அந்த எண் எவ்வளவு தள்ளாடக் கூடியது என்பதை அவரிடம் சொல்வது புள்ளியியல் துறையின் கடமை.